ஓவியக் கண்ணும் இருண்ட கண்களும்

மறைத்தூதர்களின் பயணக் குறிப்புகளை வாசித்துப் பழகிய நமக்கு, அவர்கள் காலத்திலேயே தூரிகையும் தாளுமாக ஆசியாவைச் சுற்றிவந்த பெண்களைக் குறித்து அதிகம் தெரிவதில்லை. அவர்களுள் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கார்டன்-கம்மிங். 1837இல் ஸ்காட்லாந்தின் உயர்குடியொன்றில் பிறந்தவர், மணம் புரியாதவர். 1868இல் இந்தியா வந்தவரை இமயம் ஈர்த்தது. பின்னர் இலங்கை, பிஜித் தீவுகள், ஜப்பான், சீனா எனப் பயணம் நீண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களும் பல நூல்களும் அதன் விளைவுகள்.

ஆளுநர், ஆயர் இல்லங்களில் விருந்தினராகத் தங்கிச் செய்த பயணங்கள் பல. 1892இல் வெளிவந்த இலங்கை நூலுக்கு ‘மகிழ்வான இரண்டு ஆண்டுகள்’ எனும் பொருள்படப் பெயரிட்டார். அதே மலைகளில் காப்பித் தோட்டக் கூலிகளாய் உழைத்த நம் தமிழ் மக்களுக்கு அந்த மகிழ்ச்சியில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்று கேட்காமலிருக்க நம்மால் இயலவில்லை.

ஆனால் 1879இல் பெக்கிங் நகரில் அவர் கண்டது வேறு. வில்லியம் ஹில் மர்ரி எனும் ஸ்காட்லாந்துக்காரர் அங்கே விவிலிய நூல்களை விற்றுவந்தார். இளமையில் மரம் அறுக்கும் ஆலையில் ஒரு கையை இழந்தவர். தெருவில் இரந்துண்ட பார்வையற்றோரைக் கண்டு மனம் உருகி, அவர்களும் வாசிக்க வழி தேடினார். ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் கொண்ட சீன மொழியில் அது எளிதா? அவர் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பற்றிக்கொண்டார். பெக்கிங் பேச்சில் வழங்கும் ஏறத்தாழ 400 அசைகளுக்கும் எண் கொடுத்து, அந்த எண்களைப் பிரெய்ல் புள்ளிகளாகப் பொறித்தார். விரல் எண்ணை அறியும். நினைவு ஒலியைத் தரும். பின்னர் இதே முறையைக் கோடுகளாக மாற்றி, கண்ணிருந்தும் எழுத்தறியாத ஏழைகளுக்கும் கற்பித்தார்கள். பார்வையற்றோரே அவர்களுக்கு ஆசிரியராயினர் என்பதை வாசிக்கையில், எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு நம் நினைவுக்கு வருகிறார்.

வறியோரின் கோலத்தை அழகிய காட்சியாக்கிக்கொண்டு ஊர் திரும்பிய பயணிகள் அந்நாளில் பலர். இந்நாளிலும் நம்மிடையே உண்டு. காட்சிகளால் வாழ்ந்த இவரோ, காணவே இயலாதவர்களுக்காகத் தம் பேனாவை அர்ப்பணித்தார். மர்ரியின் பணியை விளக்கிக் கட்டுரைகள் வரைந்தார், நிதி திரட்டினார், 1898இல் தனி நூலே எழுதினார். அவர் திருச்சபைப் பிரிவு நம்முடையதன்று. அதனால் அவர்மீது நமக்குள்ள மதிப்புக் குறையவில்லை.

1924இல் தம் 87ஆம் வயதில் அவர் மறைந்தார். மர்ரியின் எண்முறை இன்று வழக்கில் இல்லை. 1950களில் புதிய சீனப் பிரெய்ல் முறை வந்துவிட்டது. மர்ரி தொடங்கிய பள்ளியின் வழிவந்த பார்வையற்றோர் பள்ளி மட்டும் பெய்ஜிங்கில் இன்றும் நடைபெறுகிறது.