காப்பி போன மலையில் தேநீர்

இலங்கை ஒரு காலத்தில் காப்பித் தீவு. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் பாதை போட்டதே மலையில் விளைந்த காப்பிக்கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது அது ஒரு சோதனைப் பயிர். இரண்டு ஆண்டு கழித்துக் காப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. இலைத்துரு நோய். அதைப் பரப்பிய பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் தீவின் காப்பித் தொழில் படுத்துவிட்டது. தோட்டக்காரர்கள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு டெய்லரின் வழிக்கு வந்தார்கள். செத்த காப்பி மரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

டிகாக்ஷன் இல்லாமல் பொழுது விடியாத தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் காப்பியை விட்டுவிட்டுத் தேநீர் பழக வேண்டுமென்றால், அதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. இந்தக் கட்டுரையாளர் கண்டியில் ரயில் ஏறியது அந்த நினைப்பில்தான். மருத்துவர் யாரும் சொல்லவில்லை. டீ என்பது ஒரே ருசியா என்று பார்த்துவிடும் ஆசை.

தமிழ்நாட்டு டீக்கடையில் கொதிப்பது பெரும்பாலும் சிடிசி தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் அந்த இயந்திர முறை 1930களில் அசாமில் வந்தது. பாலோடும் சர்க்கரையோடும் மல்லுக்கட்டி ஜெயிக்கிற தூள் அது. மழை பெய்யும் சாயங்காலத்தில், கையில் ஒரு பருப்பு வடையோடு, அதற்கு ஈடு இல்லை. ஆனால் அந்த இலை எந்த மலையில், எந்த மாதத்தில் பறித்தது என்பதெல்லாம் பாலுக்குள் போய்விடும். இலங்கையில் பெரும்பகுதித் தேயிலை இன்னும் பழைய முறையில், இலையை முறுக்கிச் சுருட்டித்தான் தயாராகிறது. அதில் ஊர் தெரியும்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய ஆலையொன்று இப்போது தேயிலை அருங்காட்சியகம். பழைய உருளைகளையும் என்ஜின்களையும் பார்த்து முடித்து மேல்தளத்துக்கு ஏறினால் ஒரு கோப்பை தேநீர் கிடைக்கும். பால் கேட்டதற்கு, “மொதல்ல இப்பிடியே குடிச்சுப் பாருங்க சார், பொறகு ஊத்திக்கலாம்” என்று பதில் வந்தது. கண்டிப் பக்கத்துத் தேயிலை நடுமலைச் சரக்கு: 600 மீட்டருக்கும் 1,200 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் விளைவது. செம்பு நிறம், நல்ல கனம். பால் தேவைப்படவில்லை.

அங்கிருந்து மேலே போகப் போக நிறம் வெளுக்கிறது. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. முறுக்கிய இலை காற்றுப்பட்டுப் பழுப்பாவதும் மட்டோடு நிற்கிறது. அதனால் சாயம் வைக்கோல் நிறத்துக்கே வருகிறது. முதல் வாயில், என்ன இது வெந்நீர்தானே என்று காப்பி நாக்கு கேட்கும். இரண்டாம் கோப்பையில் பூ மணம் பிடிபடும். சர்க்கரை போட்டால் அதுவும் போய்விடும். இங்கே ஆலைகளைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, பாதி ஈரம் போகும்வரை வாட்டும் மாடியில் நின்றால் நறுக்கிய பச்சை ஆப்பிள் வாசனை. கீழே முறுக்குகிற இடத்தில் வேறு வாசனை, உலையில் வறுக்கிற இடத்தில் வேறு. வெறும் மணத்துக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகள்தான் டிம்புல. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வறண்ட குளிர். அப்போது பறிக்கும் கொழுந்துக்கு ஏலத்தில் தனி மதிப்பு. காப்பியிலிருந்து வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான் என்பது இக்கட்டுரையாளரின் கட்சி. நுவரெலியாவை விட அழுத்தம் உண்டு, துவர்ப்பு நாக்கைக் கட்டாது, சொட்டுப் பால் விட்டாலும் சாகாது.

ஊவா வேறு விஷயம். ரயில் பட்டிப்பொலை உச்சியைத் தாண்டி ஹப்புத்தளைக்கு இறங்கும்போது மலையின் மறுபக்கம் தொடங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காய்ந்த காற்றாக இறங்குகிறது. கிழக்கே மட்டக்களப்பு வரை அதைக் கச்சான் என்பார்கள். அந்தக் காற்றில் வாடி வதங்கும் கொழுந்துக்குள் வலித்தைலங்களில் வரும் மெத்தில் சாலிசிலேட் சேர்கிறது. குடித்தால் தொண்டையில் லேசாக ஒரு குளிர்ச்சி. யாரும் எதையும் கலக்கவில்லை, இலையே அப்படி. 1890இல் இலங்கைக்கு வந்த தாமஸ் லிப்டன் வாங்கிய தம்பத்தன்னைத் தோட்டம் இங்கேதான், ஹப்புத்தளைக்குப் பக்கத்தில். உலகம் முழுக்கப் போன அந்தப் பெயரைவிட, பண்டாரவளைக் கடையொன்றில் தோட்டப் பெயர் எழுதிய காகிதப் பொட்டலத்தில் கிடைத்த ஆகஸ்ட் மாத இலை மேல்.

கீழ்நாட்டுத் தேயிலையை மலை பார்த்தவர்கள் மட்டமாகப் பேசுவார்கள். நியாயமில்லை. நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம்தான்; பெரும்பாலும் சிறு நிலக்காரர்கள். கறுத்த சாயம், வெல்லப்பாகு போன்ற இனிப்பு. ஈராக்குக்கும் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் விரும்பி வாங்கிப் போகிறார்கள்.

பொட்டலத்தின் மேல் ஓ.பி., பி.ஓ.பி. என்றெல்லாம் போட்டிருக்கும். அது இலையின் அளவே தவிரத் தரமல்ல. ஓ.பி. நீள இலை, மெல்லிய சாயம், பி.ஓ.பி. உடைத்த இலை, கெட்டிச் சாயம். காப்பிக்காரர்களுக்குப் பி.ஓ.பி. ஒத்துவரும்.

இத்தனையையும் பறிக்கிற கைகளைச் சொல்லாமல் விட முடியாது. காப்பிக்கு ஆண்டில் சில மாதம்தான் பறிப்பு. அந்தப் பருவத்துக்குத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து ஆட்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தேயிலைக்கோ ஆண்டு முழுக்கப் பறிப்பு. வந்தவர்கள் திரும்பவில்லை, குடும்பத்தோடு லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. நாட்கூலி 1,000 ரூபாயாக ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. விமான நிலையக் கடையில் அழகான தகரப் பெட்டியில் இருக்கும் வெள்ளி மொட்டுத் தேயிலைக்கு அதைவிட விலை. லயத்து அடுப்படியில் கொதிப்பது தூள் தேயிலைதான்: ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. அந்தச் சாயத்தண்ணியை நின்றபடி இரண்டு கிளாஸ் குடித்ததில் கட்டுரையாளருக்குக் காப்பி நினைவே வரவில்லை.

உடம்புக்கு என்ன ஆனது? காப்பியை நிறுத்திய முதல் நாட்களில் தலைவலி வந்தது, போனது. ஒரு கோப்பைத் தேநீரில் காப்பியில் உள்ளதில் பாதியளவு கஃபீன்தான் இருக்கும். அதோடு தியானின் என்ற பொருளும் இருப்பதால் படபடப்பு குறைவு என்கிறார்கள். காலைக் காப்பி நின்றுவிட்டது. கல்யாண வீட்டுக் காப்பியை மட்டும் விட மனமில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டப் பெயரும் பொதி செய்த மாதமும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மசாலா அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இலை வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒரு கோப்பைக்கு ஒரு சிறு கரண்டி இலை, கொதித்த நீர், மூன்று நிமிடம். பிறகு வடிகட்டிவிடுங்கள், கிடந்தால் கசக்கும். டிம்புல வேண்டுமென்றால் பிப்ரவரியில் போங்கள், ஊவா வேண்டுமென்றால் ஆகஸ்டில்.