மகள் படிக்கும் வடக்கு

நோர்வேத் தமிழர் கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்னமே வந்துவிடும் கேள்வி, பிள்ளை என்ன படிக்குது என்பது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் கேட்டவரின் முகம் மலரும்; அடுத்த மேசைக்குப் போய்விடுவார். என் மூத்தவள் ட்ரொம்சோவில் வடபுலத்துப் பூர்வகுடிகளைப் பற்றி முதுகலை படிக்கிறாள் என்றால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிடுவார்கள். "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம் அக்கா?" அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். காணியையும் வீட்டையும் விட்டுவந்த சனத்துக்கு மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். அது சோறு போடவேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் மண்டபத்து இரைச்சலில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆற அமர எழுதினால்தான் சரிவரும்.

ட்ரொம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஒரு தீவில் இருக்கும் நகரம். அங்கே பல்கலைக்கழகம் வேண்டும் என்று நோர்வே நாடாளுமன்றம் 1968இல் தீர்மானித்தது. 1972இல் அது திறக்கப்பட்டது. அதுவரை வடக்குப் பிள்ளைகள் தெற்கே போய்ப் படித்தார்கள். போன பலர் திரும்பவில்லை. வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் ஓயாத தட்டுப்பாடு. அந்தக் குறையைத் தீர்க்க வந்த பல்கலைக்கழகத்தில், வடக்கை வடக்கிலிருந்தே ஆராயவேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து வளர்ந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளில் பரந்து வாழும் சாமி மக்களைப் பற்றிய ஆய்வு மையம் அங்கே 1990இல் அமைந்தது. உள்நிலத்தில், கௌதொகெய்னோ என்ற ஊரில், 1989இல் தொடங்கிய சாமி உயர்கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கற்பிக்கும் மொழியே வட சாமி. கலைமான் வளர்ப்பும், மரத்திலும் கொம்பிலும் தோலிலும் செய்யும் கைவினையும் அங்கே முறையான உயர்கல்வி.

ஒரு பிரதேசத்தின் பண்பாட்டைப் படிப்பது என்றால் பழம் பாட்டு, உடுப்பு, சாப்பாடு என்றுதான் நானும் என் கணவரும் எண்ணியிருந்தோம். மகளின் வகுப்போ, இவற்றை யார் சேகரித்தார்கள், எதற்காகச் சேகரித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கியது. அவள் அதிகம் கதைத்தது யூஸ்ட் க்விக்ஸ்தாத் என்பவரைப் பற்றி. ட்ரொம்சோ ஆசிரியர் கல்லூரியின் அதிபர், சாமி மொழி நன்கு அறிந்தவர். சாமிக் கதைகளைத் திரட்டி 1927 முதல் 1929 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கதைகளில் எத்தனையோ இன்று இல்லை. அதே மனிதர், சாமிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நோர்வேஜியர்களாக மாற்றும் கொள்கையின் ஆதரவாளர். 1910 முதல் 1912 வரை கல்விக்கும் திருச்சபைக்கும் பொறுப்பான அமைச்சராகவும் இருந்தவர். கதை அச்சில் வாழட்டும், அதைச் சொன்ன வாய் வேறு மொழிக்கு மாறட்டும் என்று ஒரே மனம் எப்படி எண்ணியது? இதை வைத்துக்கொண்டு மகள் ஒரு கிழமை சாப்பாட்டு மேசையில் வாதாடினாள். அவரைத் தூக்கி எறியவும் முடியாது, கும்பிடவும் முடியாது. இப்படிப்பட்ட மனிதர்களோடு இருந்து பழகக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பின் பெரிய பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொகுதிகளுக்கு முன்பே, 1910இல், யோஹான் தூரி என்ற ஓநாய் வேட்டைக்காரர் தன் மக்களின் வாழ்வைத் தன் மொழியிலேயே எழுதி வெளியிட்டார். சமயம் சாராத பொருளில் ஒரு சாமி தன் மொழியில் எழுதிய முதல் நூல் அது. கலைமானின் போக்கும், நோய்க்கு மருந்தும், குளிரில் பிள்ளை வளர்க்கும் விதமும் அதில் இருக்கின்றன. வெளியாரின் நூல்களுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் படிக்கும்போது, உள்ளேயிருந்து ஒருவர் பேசும் தொனி காதில் விழுந்துவிடுகிறது.

சட்டங்களும் பாடத்தில் உண்டு. பள்ளிக்கூடத்தில் சாமி மொழியைத் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் துணைக்கு எடுக்கலாம் என்றது 1898இன் சுற்றறிக்கை. நோர்வேஜிய மொழி பேச, வாசிக்க, எழுதத் தெரியாதவருக்கு, நாட்டின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கில், அரசு காணி விற்பதில்லை என்றது 1902இன் சட்டம். சாமி மொழியில் கற்பிக்கலாம் என்று சட்டம் இடம்கொடுக்க 1959 ஆகிவிட்டது. மொழி தெரியாவிட்டால் நிலம் இல்லை என்ற வரியை ஓர் ஈழத்தமிழர் வீட்டில் சத்தமாக வாசித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் கணவர் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

பின்மார்க்குக்கு நாங்கள் வந்தது மீன் வெட்ட. மீன் வழியாக நோர்வேயோடு வந்த இந்தத் தொடர்பு தற்செயலானதும் அல்ல. 1956இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரமும் அவருடைய நோர்வேஜிய நண்பர்களும் 1967இல் தொடங்கிய சீநோர் மீன்பிடித் திட்டத்தை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை. குருநகரில் வலை, காரைநகரில் படகு என்று அது நடந்தது. அந்தப் பழக்கத்தின் வழியே நோர்வே நாட்டார் கல்லூரிகளுக்கு எங்கள் பெடியள் வரத் தொடங்கினார்கள். எண்பதுகளில் நாட்டு நிலைமை முற்றியபோது வந்தவர்கள் பலர் வேலை தேடி வடக்கே போனார்கள். கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவை. எங்களுக்குச் சம்பளம் தேவை. என் கணவர் அப்படிப் போனவர். கலியாணம் கட்டிப் பின்னால் போனவள் நான்.

எனக்குக் கிடைத்தது லைட் மேசை வேலை. மேசையின் மேற்பலகை வெள்ளைக் கண்ணாடி, கீழே விளக்கு. தோலுரித்த கொட் மீன் துண்டை அதில் பரப்பினால் சதைக்குள் சுருண்டிருக்கும் புழு கபில நிறத்தில் தெரியும். கத்தி முனையால் அதைக் கிள்ளி எடுத்து, மிச்ச முள்ளை வெட்டி, துண்டைத் தட்டில் வைக்கவேண்டும். பருத்திக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை, காதில் இரைச்சல் மறைப்பு. கதைப்பதெல்லாம் இடைவேளையில்தான். எனக்கு எதிரே நின்றவர் என்னைவிட மூத்த ஒரு பெண். எனக்குக் கத்தி தீட்டக் காட்டித் தந்தவர் அவர்தான். உடுப்பு மாற்றும் அறைத் தொலைபேசியில் தமக்கையோடு வேறொரு மொழியில் தாழ்ந்த குரலில் கதைப்பார். கேட்டவர்களுக்குப் பின்லாந்து மொழி என்று சொல்லிவிடுவார். ஒருவரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

அவர் கடற்கரைச் சாமி. இது மகளுடைய படிப்பின் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த செய்தி. ஹரால்ட் ஐட்ஹைம் என்ற மானிடவியலாளர் 1969இல் வெளியிட்ட ஒரு கட்டுரையை அவர்களுக்குக் கட்டாய வாசிப்பாகக் கொடுத்திருந்தார்கள். பின்மார்க்கின் ஒரு குடாக்கரையில், வீட்டுக்குள் சாமியும் வெளியாருக்கு முன்னால் நோர்வேஜிய மொழியும் பேசி, தாம் யார் என்பதை ஒளித்து வாழ்ந்த மக்களைப் பற்றியது. கலைமான் வளர்க்கும் சாமியை உடுப்பைப் பார்த்தே உலகம் அடையாளம் காணும். கரையில் மீன் பிடித்து நாலு ஆடு வளர்த்தவர்களுக்கு அந்த அடையாளமும் இல்லை. ஒளிப்பது சுலபம், அழுத்தமும் அதிகம். அதை வாசித்த மகள், நான் அடிக்கடி சொல்லும் அந்த 'அன்ரி'யின் ஊர் எது என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். பிறகு அவளே கடிதம் எழுதி, சம்மதம் பெற்று, பதிவுக் கருவியோடு போனாள். நானும் கூடப் போனேன்.

ஓய்வுபெற்ற அந்த அம்மா கோப்பி ஊற்றி வைத்துவிட்டு, சம்மதப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு வரிவரியாக வாசித்தார். ஊர்ப் பெயரைப் போடலாமா, சொந்தப் பெயரைப் போடலாமா, பதிவை யார் கேட்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார். சொந்தப் பெயர் வேண்டாம் என்றார். ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டதையும், ஆசிரியர் சொன்னது ஒன்றுமே விளங்காமல் மற்றப் பிள்ளைகள் எழும்பும்போது எழும்பி இருக்கும்போது இருந்ததையும் சொன்னார். தன் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் தடித்தது. அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் எல்லாரும் இடைவேளையில் தமிழில் சத்தமாகக் கத்திக் கதைப்பீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கும் என்றார். எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

நோர்வேயைப் பற்றி எங்களுக்குக் கற்பித்தது மொழி வகுப்பு. 1814இன் அரசியலமைப்பு, மே 17 தேசிய தினம், அமுன்சனின் தென்துருவப் பயணம், எண்ணெய் என்று அரசு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் வரலாறு அது. அதில் பொய் இல்லை. ஆனால் வருகிறவர்கள் அதை மட்டும் படித்தால் நாட்டை அரசின் பக்கத்திலிருந்து மட்டுமே தெரிந்துகொள்கிறோம். 1979இல் ஆல்தா ஆற்று அணைக்கு எதிராகச் சாமி இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்ததையும், 1981 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பொலிசார் ஆல்தாவில் போராட்டக்காரரை அகற்றியதையும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதே 1981இல்தான் யாழ் நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. ஆல்தாவில் அணை கட்டத்தான் பட்டது; ஆனால் அந்தப் போராட்டம் 1987இன் சாமிச் சட்டத்துக்கும் 1989இல் காரசோக்கில் திறந்த சாமி நாடாளுமன்றத்துக்கும் வழிவிட்டது.

ஆல்தாவையும் யாழ்ப்பாணத்தையும் அருகருகே வைக்கும்போது நான் ஓர் எல்லையோடு நிற்கிறேன். நாங்கள் சாமிகள் அல்ல. அவர்களுடைய நிலத்துக்கு, அவர்களைக் கேளாமல் அரசு கொடுத்த விசாவோடு வந்தவர்கள். எங்கள் துயரத்தைக் காட்டி அவர்கள் துயரத்தில் பங்கு கேட்கக்கூடாது. மகளிடம் இதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. பூர்வகுடிகளை ஆராய்பவருக்குச் சம்மதமும் பொறுப்பும் முதற்பாடம்.

வேலைக் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பட்டத்துக்கு வேலை வாசலில் காத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாமி நாடாளுமன்றம், காரசோக்கிலுள்ள சாமி வானொலி, பாடசாலைகள், நகரசபைகள், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் இந்த வரலாறு தெரிந்த ஆட்கள் வேண்டும். ஓர் உதாரணம்: 1691இல் அண்டர்ஸ் பௌல்சன் என்ற முதியவரிடமிருந்து பறித்த சாமிச் சடங்கு மேளம் கொப்பன்ஹேகனில் இருந்தது. அதை வைத்திருந்ததற்காக அடுத்த ஆண்டு அவர் வாட்சோவில் விசாரிக்கப்பட்டு, தீர்ப்புக்கு முன்னே கொல்லப்பட்டார். 1979 முதல் இரவலாகக் காரசோக்கில் வைக்கப்பட்டிருந்த மேளத்தின் உரிமை, 2022இல்தான் சாமிகளுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. இப்படி ஒன்றைத் திருப்பிக் கேட்க உணர்ச்சி மட்டும் போதாது. ஆவணம் வாசிக்கவும் எழுதவும் வாதாடவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். நாடாளுமன்றம் நியமித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூன் 1 அன்று அறிக்கை கொடுத்தபோது, பெரும்பான்மை மக்களுக்கு இந்த வரலாறே தெரியாது என்பதை ஒரு பெரிய குறையாகக் காட்டியது. 2024 நவம்பர் 12 அன்று நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து நடக்கவேண்டியது வகுப்பறைகளில். அங்கே ஒரு தமிழ்ப் பெயர்கொண்ட ஆசிரியை நின்று கற்பித்தால் அது அந்த ஊருக்கும் எங்களுக்கும் நல்லது.

மகளுக்கு இன்னுமொரு வேலை மனதில் இருக்கிறது. பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்ற தமிழரின் கதையும் வடக்கின் வரலாறுதான் என்கிறாள். பல ஆலைகள் மூடிவிட்டன, நாங்களும் பெரும்பாலோர் ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டோம். பெயர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பழைய சாமிப் படங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் எப்படிக் கிடக்கின்றன என்று அவள் காட்டினாள்: எடுத்தவரின் பெயர் இருக்கும், படத்திலிருப்பவர், சாமிகளுக்கு வெளியார் வைத்த பழைய பெயரில், வெறும் 'லாப்புப் பெண்'. கவிஞர் நில்ஸ்-அஸ்லாக் வல்கேயபா அப்படிப்பட்ட படங்களைப் பல நாடுகளிலிருந்து தேடிச் சேர்த்துத் தன் நூலில் கவிதைகளோடு வைத்தார். அதற்கு 1991இல் நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆகவே வடக்கில் வேலை செய்தவர்களிடம் என் வேண்டுகோள்: சம்பளத் துண்டு, தமிழ்ப் பாடசாலை இடாப்பு, கலைவிழா வீடியோ, தொழிற்சாலை வாசலில் எடுத்த படம் எதையும் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்பக்கத்தில் ஆட்களின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பேனையால் எழுதுங்கள். எதிர் மேசையில் நின்றவர்களின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், சேர்த்து எழுதுங்கள்.