மூன்றாவது சாட்சி

கல்யாணத்துக்குப் போனோமா, மொய் எழுதினோமா, பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டோமா என்று திரும்பி வருகிற ரகம் நான். அப்படிப்பட்டவனைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். என் தைரியம் எத்தனை கிலோ என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை எனக்குப் பக்கத்து ஸீட்காரன். முஸ்லிம். அவன் டிபன் பாக்ஸில் பாதி எப்போதும் எனக்குத்தான். பெண், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எங்கள் ஆட்கள். அவள் அப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். சிக்கல் எங்கே என்று புரிந்திருக்குமே!

விஷயத்தைக் கேட்டதும் யோசனை சொன்னேன். (நம்மிடம் தாராளமாக இருப்பது அது ஒன்றுதானே!)

"இதுக்குப் போயா கவலைப்படறே மாப்ளே? யாராவது ஒருத்தர் மதம் மாறிட்டா ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாறணும்னு எனக்கே தோணி மாறினா அது வேற அண்ணா. கல்யாணத்துக்காக மாறினா சாமிக்கும் மரியாதை இல்லே, எனக்கும் மரியாதை இல்லே."

அவன் அதற்கும் மேலே போனான். "எனக்காக இவ சாமியையே விட்டான்னா, நாளைக்கு என்னை விடறதுக்கு எவ்வளவு நேரமாகும்டா?"

"சரி, சுயமரியாதைக் கல்யாணம்? ரெண்டு மாலை போதுமே!" என்றேன். தெரிந்த வக்கீல் ஒருவர் சிரித்தார். அண்ணா ஆட்சியில் 1967-ல் சட்டசபை நிறைவேற்றிய அந்த ஏற்பாடு, இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் இருக்கிறதாம். இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் மாலை செல்லும்.

மிச்சம் இருந்தது 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். இதற்குத் தாத்தா ஒருவர் உண்டு: 1872 சட்டம். அதில் கல்யாணம் செய்ய வேண்டுமானால், 'எனக்கு எந்த மதமும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954-ல் அதை ஒழித்து, அவரவர் சாமியை அவரவர் வைத்துக் கொண்டே கட்டிக் கொள்ளலாம் என்றார்கள். நல்ல மனசு. ஆனால், ஒரு சின்ன நிபந்தனை வைத்தார்கள். முப்பது நாள் நோட்டீஸ்! பெயர், வயசு, விலாசத்தோடு ஆபீஸில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வைப்பார்கள்.

'ஆட்சேபணை' என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, வயசு வந்ததா, புத்தி சுவாதீனம் உண்டா, கட்டக் கூடாத உறவா... இவ்வளவுதான் கணக்கு. 'வேற மதம்' என்பது ஆட்சேபணையே இல்லை. ஆனால், ஊருக்குச் சட்டப் பிரிவா தெரியும்? ஊருக்கு விலாசம் தெரிந்தால் போதும்.

நம்ம பதிவு ஆபீஸ் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? நிலம் வாங்குகிறவர், விற்கிறவர், பத்திரம் எழுதுகிறவர் எல்லாரும் மணிக்கணக்கில் காத்திருக்கிற இடம். பொழுது போகாதவர்கள் சுவரில் இருப்பதையெல்லாம் படிப்பார்கள். நான் லஞ்ச் டயத்தில் போய், அந்த போர்டை மறைத்துக் கொண்டு சாய்ந்து நிற்பேன். மூன்றாம் நாள் பியூன் சொல்லிவிட்டார்: "தம்பி, கண்ணாடி உடைஞ்சா நீங்கதான் காசு கட்டணும்."

பதினோராம் நாள், பெண்ணின் தாய்மாமன் காலி மனை ஒன்றைப் பதிவு செய்ய வந்தார். டோக்கன் வரும்வரை போர்டைப் படித்தார்.

அன்று சாயங்காலமே அவள் செல்போன் பறிபோனது. வேலைக்குப் போவது நின்றது. ராத்திரி அவள் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். குரல் உடைந்திருந்தது. "அந்தப் பையன் உன் ஆபீஸ்தானே தம்பி? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எங்க ஆபீஸ்ல எத்தனையோ பேர் மாமா... எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

எங்கள் ஆபீஸில் மொத்தம் ஒன்பது பேர். பியூனையும் சேர்த்து.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவன் வழக்கம்போல டிபன் பாக்ஸில் பாதியை என் பக்கம் தள்ளினான். எனக்கு இறங்கவில்லை.

முப்பது நாள் முடிந்தது. பெண் வரவில்லை. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால், மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்குப் போனேன். கல்வராயன் மலை முழுக்க மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்து மலைகளில் குடியேறி, வந்த இடத்தில் ஆளுக்கொரு ஜாதியில் பெண் கட்டியதாக மலையாளி மக்களின் பூர்வகதை ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே தர்ஸ்டன் துரை எழுதி வைத்திருக்கிறார். "அவங்களுக்கு நோட்டீஸ் போர்டு இல்லடா" என்றான் அவன். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தான்.

கீழே நம் கதையோ வேறு. 2020 அக்டோபரில் எங்கள் கள்ளக்குறிச்சி எம்.எல்.ஏ.வே ஜாதி மாறிக் கல்யாணம் செய்தபோது, பெண்ணின் தந்தை ஆட்கொணர்வு மனு போட்டார். பெண் ஐகோர்ட்டில் 'என் விருப்பம்தான்' என்று சொன்ன பிறகே விவகாரம் ஓய்ந்தது. எம்.எல்.ஏ.வுக்கே அந்தக் கதி!

சட்டங்களின் கூத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மூன்று வருஷம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, மைனராகவோ, தலித்தாகவோ, பழங்குடியாகவோ இருந்தால் நாலு வருஷம், ஒரு லட்சம். ('பொண்ணுன்னா மைனர் மாதிரியாண்ணா?' என்று பின்னால் ஒருநாள் அவள் கேட்டாள். பதில் தெரியவில்லை.) 2004 தேர்தலில் தோற்றதும், கொண்டு வந்த ஜெயலலிதா அரசே அதை வாபஸ் வாங்கியது.

உத்தரப்பிரதேசத்தில் 2020 நவம்பரில் வந்த சட்டப்படி, மதம் மாற அறுபது நாள் முன்னதாகக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். கல்யாணத்துக்காகவே மாறினால் கல்யாணம் செல்லாது. அதே மாநிலத்தில் 2021 ஜனவரியில் அலகாபாத் ஐகோர்ட், சிறப்புத் திருமண நோட்டீஸை ஜோடி விரும்பினால் மட்டும் ஒட்டினால் போதும் என்றது.

அங்கே மாறினால் கஷ்டம். இங்கே மாறாவிட்டால் கஷ்டம். மாறாதவர்களைத்தானே ஊர் பாராட்ட வேண்டும்? அவர்களைத்தான் போர்டில் ஒட்டுகிறோம்.

எண்பத்து நாலாம் நாள் காலை போன். "அண்ணா, மறுபடி வேலைக்கு விட்டுட்டாங்க. ஆதார் கையில இருக்கு. மூணு சாட்சி வேணுமாம். ரெண்டு பேர் கிடைச்சுட்டாங்க."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. எனக்குத் திண்ணை ஞாபகம் வந்தது. ஆபீஸுக்கு அரை நாள் லீவு எழுதினேன்.

'உன்னைச் சட்டப்படி மனைவியாக ஏற்கிறேன்', 'கணவனாக ஏற்கிறேன்'. சட்டம் கொடுத்த வசனம் அவ்வளவுதான். மேளம் இல்லை. அவன் குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கவில்லை. மூன்றாவது சாட்சிக்கான இடத்தில் என் பெயரையும் முழு விலாசத்தையும் எழுதினேன்.

நேராக மாமா வீட்டுக்குப் போனேன். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் மாமா" என்றேன். அவர் பேசவில்லை. கதவைச் சாத்தினார். இன்னும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், அப்பா ஈஸிசேரில். செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டியாமே?"

"ஆமாம்ப்பா." காலில் நடுக்கம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்:

"தெளிவா போட்டியா? உன் கையெழுத்தை பேங்க்லயே திருப்பி அனுப்பறானே!"