நாய் கடிச்சா முதல்ல ஏன் சோப்பு?

நாய் கடிச்சு ஓபிக்கு வர்றவங்ககிட்ட ஊசிக்கு முன்னாடி நான் கேக்குறது, "சோப்பு போட்டுக் கழுவினீங்களா?" பல பேர் "மஞ்சள் வச்சேன் டாக்டர்"னு சொல்வாங்க. குழாயடிக்கு அனுப்பிட்டுத்தான் சீட்டு எழுதுவேன். சிலருக்குக் கோபம் வரும். காரணம் இருக்குங்க.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம். உள்ளே ஒரே ஒரு ஆர்.என்.ஏ இழை, அதில் மொத்தமே 5 மரபணு. (நமக்குச் சுமார் 20,000!) வெளியே கொழுப்பு உறை, அது மேல புரத முட்கள். நரம்பு செல்லைத் திறக்கிற சாவி அந்த முள்தான். பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு போற மாதிரி, சோப்பு அந்த உறையைக் கரைச்சிடும். உறை போனா முள்ளும் போச்சு, வைரஸ் உள்ளே நுழைய முடியாது. அதான் 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவச் சொல்றோம்.

தப்பிச்சு உள்ளே போனது என்ன செய்யும்? கையோட கொண்டு வந்த நொதியை வச்சுத் தன் ஆர்.என்.ஏ-வை நகல் எடுக்கும். ஆனா புரதம் செய்ய அதுக்குச் சொந்தமா பட்டறை கிடையாது. நம்ம ரைபோசோம்தான் செஞ்சு கொடுக்கும். கிளம்பும்போது நம்ம செல்லோட சவ்வையே உறையாப் போர்த்திக்கும்.

இப்படியே நரம்பு வழியா மூளைக்குப் போகப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். நமக்கு இருக்கிற நேரமே அதுதான். அறிகுறி வந்துட்டா எங்களால கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது.

அதனால "நாய் நல்லாத்தானே திரியுது, பார்ப்போம்"னு உட்காராதீங்க. தோலில் போடுற ஊசி 0, 3, 7, 28-ஆம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் வந்த கடின்னா காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போடணும். 28-ஆம் நாள்தான் நிறைய பேர் காணாமப் போறாங்க. அன்னைக்கும் வந்துடுங்க.