கம்மலுக்கு ஒரு கணக்கு

பணிமாற்றத்திற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. 2003-ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. தென்கடலோரத்தில் நான் தனிப்பொறுப்பேற்ற முதல் பங்கு அது. அறைவீட்டு வாசலில் ஒரு கைம்பெண் வந்து நின்றார். முகத்தில் கோபமில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என் கம்மல் போனது போகட்டும் சாமி. அது ஏன் போச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றவன். ஒரு ஜோடிக் கம்மல் எப்படிக் காணாமற்போயிற்று என்பதை விளக்க அந்தப் படிப்பு போதவில்லை. ‘எல்லாம் இறைசித்தம்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நல்லவேளையாக அந்தப் பாவத்தைச் செய்யவில்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய செப்டம்பரில் பங்கிலுள்ள பன்னிரண்டு பெண்களைக் கூட்டி மெழுகுவர்த்தித் தொழில் தொடங்கினேன். தலைக்கு 1,500 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் சேர்ந்தது. நண்பர் ஒருவர் 12,000 ரூபாய் நன்கொடை கொடுத்தார். அச்சுகள் வந்தன, மெழுகு மூட்டைகள் வந்தன. நானே கொள்முதல்காரன், நானே விற்பனையாளன், நானே கணக்கப்பிள்ளை. அந்தக் கைம்பெண்ணிடம் கையிருப்பு எதுவும் இல்லை. “துணிந்து இறங்குங்கள் அம்மா, நான் இருக்கிறேன்” என்றேன். காதில் கிடந்த கம்மலை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். செய்து வைத்திருந்த மெழுகுவர்த்தி அனைத்தும் அன்று மாலைக்குள் விற்றுத் தீர்ந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அப்படியே. வெற்றி பெற்றுவிட்டோம் என்று மறையுரையிலேயே பெருமை பேசினேன். இன்னும் கூடுதலாக மெழுகு வாங்கிப் போட்டேன்.

ஏப்ரல் வந்தது, வெயிலும் வந்தது. கடைகளில் அடுக்கியிருந்த எங்கள் மெழுகுவர்த்திகள் தலைகுனிந்து வளைந்தன. கடைக்காரர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். கடனாகக் கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்க எனக்குக் கூச்சம். கணக்கைப் புரட்டினால் என் நாட்குறிப்பில் மெழுகுச் செலவும் ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கூலியும் ஒரே பக்கத்தில் கிடந்தன. மே மாதம் அச்சுகள் மூலையில் உறங்கின.

கிளம்புமுன் கடைத்தெருவிலிருந்த மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனேன். முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர். என் தோல்விக்குக் காரணம் கேட்டேன். அவர் தராசைத் துடைத்தபடியே சொன்னார்:

“சாமி, நவம்பர்ல ஜனங்க வாங்கினது மெழுகுவர்த்தி இல்ல, உங்க முகத்துக்காக வாங்கினாங்க. முகத்துக்கு வாங்குறவன் ஒரு தடவைதான் வாங்குவான். ரெண்டாவது தடவை வர்றவன்தான் கிராக்கி. அப்புறம், வெயில்ல நிக்குற மெழுகு எதுன்னு இந்தத் தொழில்ல இருக்குறவன் யார்ட்டயாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. உருகுநிலை குறைந்த பாரபின் மெழுகு விலை மலிவு. அதனால் வாங்கினேன். உருகுநிலை உயர்ந்த மெழுகை எடுத்து, அதில் ஸ்டீயரிக் அமிலம் அளவாகச் சேர்த்தால் திரி கெட்டியாக நிற்கும் என்பதை மெழுகுவர்த்தித் தொழிலில் இருப்பவர் எவரும் அறிவார். ஒரு நாள் பயணம் செய்து அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். நல்ல நோக்கம் இருந்தால் தொழிலறிவு தானே வந்துவிடும் என்று நம்பியது என் முதல் பிழை.

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்புகிறவனைப்பற்றி ஆண்டவர் பேசுகிறார். அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்கிறார். சீடத்துவத்தைப்பற்றிய உவமை என்று எத்தனையோ முறை அதை விளக்கியிருக்கிறேன். கொத்தனாருக்கும் அது பொருந்தும் என்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்து லிஜ்ஜத் அப்பளத்தின் வரலாற்றைப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் மும்பை கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். அன்று கிடைத்தது நான்கு பாக்கெட். நட்டமே வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். முதல் வாரத்திலேயே 12,000 ரூபாயை இனாமாக வாங்கியவன் நான். இனாமாக வந்த பணத்திற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேள்வி கேட்கப்படாத பணம் நம்மைச் சோம்பலாக்கிவிடுகிறது.

அந்தப் பெண்கள் முதலில் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்களாம். தரம் குறைந்ததை மலிவாக விற்கலாம் என்பது எண்ணம். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக் என்னும் பெரியவர் அதைத் தடுத்தார். ஒரே தரம், அதில் விட்டுக்கொடுத்தல் கூடாது; கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும்; இது தொண்டு அல்ல, தொழில் என்று நினைத்து நடத்துங்கள் என்றார். நாங்களோ ஒடிந்த மெழுகுவர்த்திகளையும் ‘கோயிலுக்குத்தானே’ என்று விற்றோம்.

என்னை மிகவும் தைத்தது மழைக்காலக் கதை. முதலாம் ஆண்டு மழையில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் தொழில் நின்றது. எங்களை வெயில் வீழ்த்தியதுபோல் அவர்களை மழை வீழ்த்தியது. ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காயவைத்தார்கள். மழை பெய்துகொண்டேயிருந்தது; தொழிலும் நடந்துகொண்டேயிருந்தது. தடை எல்லாருக்கும் வருகிறது. தடை வந்தபின் ஒருவன் கேட்கும் கேள்விதான் வேறுபடுகிறது. ‘ஏன் எனக்கு?’ என்று நான் கேட்டேன். ‘எப்படி உலர்த்துவது?’ என்று அவர்கள் கேட்டார்கள். இன்று அந்த அமைப்பில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினர்கள்.

ஒரு குருவானவரின் முன்மாதிரியையும் சொல்லவேண்டும். ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொந்திராகோன் என்ற ஊருக்கு 1941-இல் உதவிப் பங்குக்குருவாக வந்தவர் தந்தை ஹோசே மரியா அரிஸ்மென்டியர்ரியேட்டா. உள்நாட்டுப் போரினால் நொடிந்துபோன ஊர் அது. வந்தவுடன் அவர் ஆலை தொடங்கவில்லை; 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்குப் பயின்ற ஐவர் 1956-இல் அடுப்பு செய்யும் சிறு தொழிலகத்தை அமைத்தார்கள். இடையில் பதின்மூன்று ஆண்டுகள்! அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவு நிறுவனங்கள் உலகறிந்தவை. அவரோ எதிலும் நிர்வாகப் பதவி ஏற்காமல் ஆலோசகராகவே இருந்து 1976-இல் மறைந்தார். ஆகவே அவருக்குப் பிறகும் பணி நிற்கவில்லை. நான் பெட்டி கட்டியவுடன் என் தொழிலும் பெட்டி கட்டிக்கொண்டது.

எல்லாம் சரியாகச் செய்தால் வெற்றி உறுதி என்றும் சொல்லமாட்டேன். அந்த முதல் தொழிலகத்தின் வழிவந்த ஃபாகோர் என்ற வீட்டுச்சாதன நிறுவனம் 2013-இல் திவாலானது. ஆனால் வேலையிழந்தோரில் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. விழும்போது தாங்கப் பிடிக்கும் கைகளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது தொழிலின் ஒரு பகுதி என்று இதிலிருந்து கற்கிறேன். கம்மலை விற்க விட்டபோது, ‘இது போனால் இந்தத் தாய்க்கு என்ன மிஞ்சும்?’ என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

அச்சுகளை விற்றும் பாக்கி வசூலித்தும் 10,000 ரூபாய் தேறியது. மீதி 8,000 ரூபாயை என் சொந்தப் படியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் அனுப்பிக் கொடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கடன் கடன்தான்.

2008-ஆம் ஆண்டு திருவிழாத் திருப்பலிக்கு அந்த ஊருக்குப் போனேன். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் அந்த அம்மா இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தார். கடலிலிருந்து திரும்புவோர் வரிசையில் நின்றார்கள். நான் திருப்பிக் கொடுத்த 1,500 ரூபாயில் 600 ரூபாய்க்கு மட்டும் பாத்திரமும் மாவும் வாங்கினாராம். மீதியைத் தொடவில்லை. அதற்கு முன் அடுத்த ஊர் இடியாப்பக்காரியிடம் இரண்டு மாதம் கூலி இல்லாமல் கூடவே இருந்து தொழில் கற்றாராம். அருகில் மகனுடைய பழைய பள்ளி நோட்டு ஒன்று கிடந்தது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்.

“அம்மா, அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும்” என்றேன்.

“எனக்கும் தெரிஞ்சுபோச்சு சாமி” என்று சிரித்தார். காதில் சிறிய கம்மல் ஒன்று மின்னியது.

நான்கு இடியாப்பம் கட்டிக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

“சாமி, எட்டு ரூபா. கடன் யாருக்கும் கிடையாது.”

திரும்பி வந்து கொடுத்தேன். என் வாழ்நாளில் அத்தனை மனநிறைவோடு நான் செலுத்திய தொகை வேறு இல்லை.