முத்துக் கரையில் ஏழு நாட்கள்

இலங்கைக்குக் கப்பல் ஏறுவதென்றுதான் நாங்கள் முதலில் தீர்மானம் செய்திருந்தோம். கலியாணமாகிப் பல வருஷங்கள் கழிந்தும், இருவருமாகச் சேர்ந்து ஒரு வாரம் எங்கும் போனதில்லை என்ற குறை வீட்டில் நெடுநாளாக இருந்து வந்தது. மாலையில் தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பில் இறங்கிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது எந்தக் காலத்துச் சமாசாரம் என்று விசாரியாமல் மூட்டை கட்டியது எங்கள் பிழை. 2011-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடத் தொடங்கியது. அந்த வருஷம் முடிவதற்குள் நின்றும் போயிற்று. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் விட்டார்கள். தூத்துக்குடியிலோ சரக்குக்கு வழி உண்டு, மனிதருக்கு இல்லை.

"கப்பல் போனால் போகிறது, முத்து இருக்கிறதே!" என்றார் எங்களில் சேலை உடுத்தவர். ஆகவே அந்த ஏழு நாளையும் இந்தக் கரையிலேயே கழிப்பதென்று முடிவாயிற்று.

எங்களைக் கொண்டு சேர்த்த ரயிலுக்கும் 'முத்துநகர் எக்ஸ்பிரஸ்' என்றே பெயர். 1914-இல் தனுஷ்கோடி மார்க்கம் திறக்கப்படும் வரையில், கொழும்பு செல்லும் பிரயாணிகளின் ரயில் வந்து நின்ற ஊர் இதுதான். பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் வரிசையாக நிற்கின்றன. வெங்காயமும் காய்கறியும் வீடு கட்டும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு அவை மாலத் தீவுக்குப் போகின்றன. புதுத் துறைமுகம் வேறு, ஊருக்குத் தெற்கே இருக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக உயர்ந்த அதற்கு 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தப் பெயரை வாயிலில் வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கப்பல் இல்லையென்று இரண்டு நாளாக முணுமுணுத்துக் கொண்டிருந்தோமல்லவா? கப்பல் இல்லாத குறைக்கு முணுமுணுக்காமல் கப்பலையே வாங்கி வந்தவர் அவர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அந்த வக்கீல் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு வருஷமே காலியோ, லாவோ என்ற இரு கப்பல்கள் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்து சேர்ந்தன. எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி இனாமாகவே ஏற்றிக்கொண்டு, போதாததற்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்ததென்பது ஊரறிந்த கதை. குடை வாங்கிக்கொண்டவர்களைக் குறை கூற நாங்கள் தயாராயில்லை. ஏழைக்கு எட்டணா பெரிய காசு. ஆனால் அந்தக் குடை தாங்கிய மழைக்காலங்களைக் காட்டிலும் அதிக நாள் அந்தக் கப்பல்கள் தாங்கவில்லை. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். ஜூலையில் நாற்பது வருஷ தண்டனை விதித்தார்கள். அது பின்னர் குறைக்கப்பட்டு, அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனி ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின் 24 வருஷம் உயிரோடிருந்து, 1936 நவம்பரில், இதே தூத்துக்குடியிலேதான் அவர் கண்ணை மூடினார்.

நிற்க. முத்துக்கு வருவோம்.

கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில் முத்துச்சரம் ஒன்று எங்களில் ஒருவருடைய கண்ணைப் பறித்தது. "இது இந்தக் கடல் முத்துத்தானே?" என்று கேட்டோம். கடைக்காரர் உண்மையான மனிதர். "ஹைதராபாத் சரக்கம்மா. அதற்கு முன்னே சீனா" என்றார். முத்துநகருக்கு முத்து ரயிலில் வருகிறது என்று அறிந்து நாங்கள் திகைத்து நின்றோம்.

விஷயம் இதுதான்: தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ஆம் வருஷம். மன்னார் வளைகுடாவில் 'பார்' எனப்படும் பாறைத் தரைகளில் சிப்பி விளைய வேண்டும். சில வருஷம் லட்சக்கணக்கில் விளையும். பிறகு பல வருஷம் ஒன்றுமிராது. திருக்கை தின்றுவிடும், மணல் மூடிவிடும். 1955 முதல் 1961 வரை கடல் தாராளமாகக் கொடுத்தது. அதன் பின் கையை மூடிக்கொண்டு விட்டது. 1973-இல் பக்கத்திலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். விஞ்ஞானத்தின் வெற்றி அது. ஆயினும் ஊரில் கடை வைத்து விற்கும் அளவுக்கு அந்த வெற்றி வளரவில்லை.

மூன்றாம் நாள் மாலை, பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். 1713-இல் கட்டிய கோயில் அது. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தபோது முதியவர் ஒருவரோடு பேச வாய்த்தது. வாலிபத்தில் அவர் சங்கு குளித்தவர். அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தவர். குளியாளி கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவாராம். கயிற்றை அசைத்ததும் மேலேயிருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் ஆள் மிஞ்சமாட்டார்.

"கயிற்றை யார் பிடிப்பார்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"மச்சான்தான் பிடிக்கணும். பெண்டாட்டிகூடப் பிறந்தவன். கூடப் பிறந்த தம்பி சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான். தங்கச்சி தாலியில்லே அவன் கையிலே இருக்கு!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்துச் சரட்டைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்படி உயிரைக் கயிற்றில் கட்டி எடுத்த சிப்பியில் குளியாளிக்கு என்ன கிடைத்தது? வெள்ளைக்காரர் ஏற்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. இரண்டு பங்கு சர்க்காருக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட்டார்கள். அதற்கு ஆறு நூற்றாண்டு முன் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்றும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்றும் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அரசனைவிடச் சர்க்காருக்குப் பசி அதிகம் போலும்!

ஐந்தாம் நாள் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்க மாலுமிகளும் அறிந்த பட்டினம் என்று படித்துவிட்டுப் போனால், அங்கே வாழைத் தோட்டமும் பனைமரமுமே எதிர்கொள்கின்றன. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலை மைல் கணக்கில் அப்பால் தள்ளிவிட்டது. ஒரு பழைய வன்னி மரமும், நாணயசாலையின் பெயரைத் தாங்கி நிற்கும் அக்கசாலை ஈசுவரர் கோயிலும் மிச்சம். 1968-69-இல் இங்கே தோண்டியபோது அறுத்த சங்குகள் கிடைத்தன. ஈராயிரம் வருஷத்துக்கு முன் சங்கை எடுத்த ஊரிலேயே அதை அறுத்திருக்கிறார்கள்.

இன்று அப்படியில்லை. தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போகிறது. அங்கே வளையாகிச் சுமங்கலிகளின் கையில் ஏறுகிறது. முத்து இல்லாவிட்டால் சங்கு வளையாவது வாங்கலாமென்று கடை கடையாக ஏறி இறங்கிய பிறகே இது எங்களுக்குத் தெரிய வந்தது.

திருச்செந்தூரிலும் மணப்பாட்டிலும் ஒரு நாள் கழிந்தது. அங்கே கடலைப் பார்த்தோமேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. உப்பளங்களின் வெண் குவியல்களைக் கடந்து ஏழாம் நாள் ஊர் திரும்பி, மக்கரூன் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது; வாயில் வைத்தால் கரைகிறது. அதுவாவது இந்த ஊரிலேயே செய்ததுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினோம்.

ரயில் புறப்படுமுன் எங்களில் ஒருவர், கல்கத்தாவில் இருக்கும் சிநேகிதிக்கு எழுதிவிட்டார்: அடுத்த முறை வரும்போது ஒரு ஜோடி சங்கு வளை வாங்கி வரவும்; தூத்துக்குடிச் சங்காக இருக்கட்டும்.