எட்டும் உயரம்

ஊத்துக்கோட்டையில் இருக்கும் அந்த வீட்டின் அடுப்படிக்கு முப்பத்திரண்டு வயது. மாமனார் இருந்தபோது கட்டியது. சுவரில் கடப்பாக் கல் பதித்த தட்டுகள், ஒரு சிமென்ட் மேடை, மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டி. எதற்கும் கதவு கிடையாது. எவர்சில்வர் டப்பாக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிற்கும்.

மருமகளுக்கு அந்தக் கதவில்லாத தட்டுகள்தான் தலைவலி. கல்யாணமாகி வந்த பதினான்கு வருடங்களாக, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அத்தனை டப்பாவையும் இறக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மறுபடி ஏற்றுவது அவள்தான். போதாக்குறைக்குப் பல்லி, கரப்பான். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அவளுக்குத் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. சீட்டுப் பணம் இரண்டரை லட்சம் கைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இந்தத் தடவை மாடுலர் கிச்சன் போட்டே ஆகணும்."

ஒரு சனிக்கிழமை மாமியாரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் சென்னையில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடி போல் மின்னும் அக்ரிலிக் கதவுகள். கைப்பிடியே இல்லை, தொட்டால் திறக்கிறது. அடர் சிவப்பில் ஒன்றைப் பார்த்ததும் மருமகளுக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை. விற்பனைப் பையன் மேல் அலமாரியின் கதவை ஒரு விரலால் தள்ளினான். அது விமான இறக்கை போல மேல்நோக்கித் திறந்து நின்றது.

"நீங்க மூடிப் பாருங்க பாட்டி."

மாமியாரின் உயரம் நாலு அடி பத்து அங்குலம். கை நீட்டினார், எட்டவில்லை. குதிகாலை உயர்த்தினார். அப்போதும் விரலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது.

"ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம் மேடம்" என்றான் பையன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும்தான்.

திரும்பும் பஸ் பெரியபாளையம் தாண்டியபோது மாமியார் மெதுவாகச் சொன்னார்: "உனக்குப் புடிச்ச செவப்பே போடும்மா. நான் இன்னும் எத்தனை வருஷத்துக்கு அடுப்பாண்ட நிக்கப் போறேன்?"

அதைக் கேட்டபிறகு மருமகளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போன வருடம் மேல்தட்டுப் புளி ஜாடியை எடுக்க மனைப்பலகை மேல் ஏறித்தான் மாமியார் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. ஷோரூமில் ஸ்டூல் என்ற பேச்சு வந்தபோது அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காலை எட்டு மணிக்கு அவள் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழாகிறது. அந்த அடுப்படியில் பகலெல்லாம் நிற்பது யார்?

அன்றிரவு செல்போனில் சமையலறைப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள், பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் நின்றாள். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை அது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி. சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்களாம். அழகுக்காக அவர் எதையும் தொடங்கவில்லை. சமைக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார் என்பதிலிருந்துதான் தொடங்கினார். மாவு வைக்கும் இழுப்பறையைப் புழு அண்டாத ஓக் மரத்தில் செய்தார். ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் நீலப்பச்சை வண்ணம் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் மகளின் கணக்கு நோட்டோடு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இன்னிக்கு நீங்க சமைங்க. நான் பார்க்கிறேன்."

"என்னம்மா, எனக்குப் பரீட்சையா?"

மதியச் சாப்பாடு முடிவதற்குள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. அஞ்சறைப் பெட்டிக்குக் கை போனது பதினொரு தடவை. ஒரு தடவைகூட மாமியார் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை டப்பாவைத் தட்டும் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். அரிசி டிரம்முக்காகக் குனிந்தது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மேடையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மேல்தட்டை அன்று அவர் தொடவே இல்லை.

கடைசியாக அவள் மேடையை அளந்தாள். முப்பத்தொரு அங்குலம். ஷோரூமில் சொன்னது முப்பத்து நான்கு.

"உங்க மாமா என்னை நிக்க வச்சு, முழங்கையைக் காட்டித்தான் கொத்தனாருக்கு உயரம் சொன்னாரு" என்றார் மாமியார், தாளிப்புக் கரண்டியைக் கழுவியபடி.

மருமகள் ஐந்தடி மூன்று அங்குலம். அந்த மேடையில் அவளுக்கு முதுகு வலிக்கும். அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள்.

மறுநாள் உள்ளூர் ஆசாரி வந்தார். கடப்பாக் கல்லைத் தட்டிப் பார்த்தார். "கிருஷ்ணா தண்ணி மாதிரி இதுவும் ஆந்திராவுல இருந்து வந்ததுதான். கரையான் தின்னாது, தண்ணி குடிக்காது. இதை ஏம்மா உடைக்கிறீங்க? முன்னால கதவு மட்டும் போடலாம்" என்றார்.

மரத்தைப் பற்றியும் அவரே விளக்கினார். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாம் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதிவிடும். 'எம்.ஆர்.' பிளைவுட் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அடுப்படிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 'பி.டபிள்யூ.பி.' பிளைவுட் வேண்டும். தொட்டிக்குக் கீழே அதுவும் வேண்டாம். காற்றோட்டத்துக்குத் துளை வைத்த பி.வி.சி. கதவு போதும். பிச்சாட்டூர் ஏரி திறந்து ஆரணியாறு பொங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஊரே ஈரத்தில் ஊறும்போது, மலிவாகச் செய்த கதவுகள்தான் முதலில் உப்பும்.

கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தபோது மேஜை மேல் படம் வரைந்து வைத்திருந்தாள். மேடை அப்படியே இருக்கும். அவள் காய் நறுக்க மூன்று அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டை. கீழே அரிசிக்கும் பருப்புக்கும் இழுப்பறைகள். குனிந்து தேட வேண்டாம், இழுத்தால் வெளியே வரும். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே தினசரிச் சாமான்கள். மேலே ஒரே வரிசை. அதில் பண்டிகைப் பாத்திரங்கள் மட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டுக்குக் கதவே இல்லை. அங்கே அஞ்சறைப் பெட்டி, உப்பு, காபித்தூள். கை தானாகப் போகும் இடம்.

அக்ரிலிக் போய் லேமினேட் வந்திருந்தது. பணமும் மிச்சம், விரல் தடமும் தெரியாது. வண்ணம் என்ற இடத்தில் 'சந்தனம்' என்று எழுதியிருந்தாள். அழுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று காரணம் சொன்னாள்.

மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "செவப்பு எங்கம்மா? அதை ஏன் விட்ட? அதைப் போட்டாத்தான் நான் உள்ள வருவேன்."

சிவப்பே வந்தது.

இப்போது மேல் வரிசையை ஐந்தடி ஒன்பது அங்குலக் கணவர் மட்டும்தான் திறக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அதனால் பொங்கல் பானை அவருடைய ஷிஃப்டைப் பார்த்து இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுகிறது. மனைப்பலகை பூஜையறைக்குப் போய்விட்டது.

அந்தக் கதவில்லாத தட்டில் மட்டும் பிசுக்கு இன்னும் படிகிறது. வெள்ளிக்கிழமை தோறும் மருமகள் துடைப்பதைப் பார்த்து, "அதுக்கும் ஒரு கதவு போட்டிருக்கலாமோம்மா?" என்கிறார் மாமியார். அவள் காதில் விழாத மாதிரி உப்பு ஜாடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.